சொற்கொண்டலாரின் கீழ்த்தாடை

ஈஸ்டர் கழிந்த செவ்வாய்க்கிழமை பிற்பகல், சொற்கொண்டல் கிறிஸ்துநாயகம் அவர்கள் டென்மார்க்கின் ஓகூஸ் நகரத்துப் பல்பராமரிப்புப் பள்ளியின் மாணவர் சிகிச்சைக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார். சாம்பல் நிறக் கோட், சிவப்புக் கழுத்துப்பட்டி, கக்கத்தில் ஒரு தோற்பை. வாசலில் ஒரு கணம் நின்று பார்த்தார். பூமாலையோடு ஒருவரும் வரப்போவதில்லை என்பது உறுதியானதும், சப்பாத்துக்கு மேல் நீல நிறப் பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

2009ஆம் ஆண்டு. ஊரில் சண்டை கடைசிக் கட்டத்துக்கு வந்து, கடலுக்கும் உப்புநீர்க் களப்புக்கும் நடுவே ஒரு மணல் துண்டுக்குள் சனம் நெருக்குப்பட்டுக் கிடந்த காலம். தமிழர் குடியேறியிருந்த ஹொல்ஸ்டெப்ரோ நகரில் கூட்டம் இல்லாத ஞாயிறு இல்லை. கூட்டம் என்றால் கிறிஸ்துநாயகம். சொற்கொண்டல் என்ற பட்டத்தை அவருக்கு வழங்கியது ஹொல்ஸ்டெப்ரோ முத்தமிழ் மன்றம். மன்றத்தின் தலைவரும் அவரேதான். பட்டத்தை வழங்கியவரும் அவர், வாங்கிக் கண் கலங்கியவரும் அவர்.

வெள்ளைச் சட்டையும் முகமூடியுமாக மரினா அவருக்காகக் காத்து நின்றாள். கடைசி அரையாண்டு மாணவி. மன்னார்க்காரர் குருசுமுத்துவின் ஒரே மகள். குருசுமுத்து ஊர் முழுக்க "மகள் பல் டொக்டருக்குப் படிக்கிறாள்" என்று சொல்லி வைத்திருந்தார். பல் டொக்டர் வேறு, பல்லில் இறுகிய காரையைச் சுரண்டி, பல்லைப் பிடித்திருக்கும் முரசைப் பேணுகிற தன் படிப்பு வேறு என்று அவள் மூன்று முறை திருத்திப் பார்த்தாள். "பல்லிலைதானே கை வைக்கிறாய்? பிறகென்ன?" என்று அவர் முடித்துவிட்டார்.

அந்தப் படிப்பில் ஒரு சங்கடம் உண்டு. இறுதித் தேர்வுக்கு வேண்டிய நோயாளியை மாணவியேதான் தேடிப் பிடிக்க வேண்டும். சாதாரண வாய் உதவாது. பல்லுக்கும் முரசுக்கும் இடையில் ஆறு மில்லிமீட்டருக்குக் குறையாத பள்ளம் எட்டு இடத்திலாவது இருக்க வேண்டும். ஆறு கிழமைக்குள் அந்தப் பள்ளங்கள் மூடி, இரத்தம் நின்று, முரசு ஆறியிருப்பதைப் பரீட்சகர் தொட்டுப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். ஆறவில்லையென்றால் அரையாண்டும் திரும்பப் படிக்க வேண்டும்.

டென்மார்க்கிலோ பதினெட்டு வயதுவரை அரசாங்கமே பிள்ளைகளின் பல்லைப் பார்த்துவிடுகிறது. அழுகிய வாய்க்குத் தட்டுப்பாடு. வகுப்புப் பெட்டைகள் முதியோர் இல்லம், மீன்பிடித் துறைமுகம் என்று அலைந்தார்கள். "உனக்கென்ன மரினா, உனக்கொரு முழுச் சமூகமே இருக்கிறதே" என்று ஒருத்தி பொறாமைப்பட்டாள். மரினாவுக்குச் சுருக்கென்றது. பிறகு யோசித்தாள்.

கோயில் பெருநாளில் கிறிஸ்துநாயகம் பேசத் தொடங்கியபோது முன்வரிசை முழுவதும் மெல்லப் பின்னால் சாய்ந்ததை அவள் ஏற்கெனவே கவனித்திருந்தாள். அன்றைக்கு முன்னால் சாய்ந்தவள் அவள் ஒருத்திதான்.

"ஆ காட்டுங்கோ அங்கிள்."

நாற்காலி சாய்ந்தது. விளக்கு எரிந்தது. அவர் வாயைத் திறக்குமுன் ஒரு முன்னுரை வழங்கினார். "பிள்ளை, இது முப்பது வருசமாத் தமிழுக்கு உழைச்ச வாய். கவனமாக் கையாள வேணும்." பிறகுதான் திறந்தார்.

அது யூலாண்ட் பகுதி வயல்களில் பன்றிச் சாணக் கரைசல் தெளிக்கிற பருவம். அந்த நாற்றத்தில் வளர்ந்த மூக்கு அவளுடையது, லேசில் அசையாது. அசைந்தது.

கீழ்வரிசை முன்பற்களின் உட்புறத்தில் ஒரு பல்லும் தனியாகத் தெரியவில்லை. மஞ்சளும் கபிலமும் கறுப்புமாகக் காரை படிந்து, பல்லோடு பல்லை ஒட்டி, நாக்குக்குப் பின்னால் ஒரு மதிலாக நின்றது. முரசு ஊதிக் கறுத்து, பழுத்த நாவற்பழத்தின் தோல் மாதிரி மினுங்கியது. அளவுக் கம்பியின் நுனி பட்டதும் இரத்தம் வந்தது. இரத்தத்தின் பின்னால், அழுத்திய பற்பசைக் குழாயிலிருந்து வருவதுபோல, வெண்மஞ்சளாக இன்னொன்றும் வந்தது. நேற்றைய மீனின் முள்ளொன்று அதில் மிதந்தது.

"ஏழு," என்று அவள் டேனிஷில் அளவு சொன்னாள். "ஆறு. எட்டு. எட்டு."

குறித்துக்கொண்டிருந்த ஆசிரியை இங்கர், நாற்பது வருடமாகப் பிறர் வாயில் வாழ்ந்தவள், எட்டிப் பார்த்து, "ஃபன்டாஸ்டிஸ்க்!" என்றாள்.

கிறிஸ்துநாயகம் வாயைத் திறந்தபடியே தலையை ஒருமுறை தாழ்த்தி அந்தப் பாராட்டை ஏற்றுக்கொண்டார்.

மரக்க ஊசி போட்டு, வளைந்த சுரண்டியால் மரினா மதிலை உடைத்தாள். பெரிய துண்டொன்று கழன்று அவர் நாக்கில் விழுந்தது. துப்பச் சொன்னாள். அவர் அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவ்வளவும் என்ரையோ?" குரலில் பெருமை இருந்தது.

"ஓம் அங்கிள். உங்கடைதான்."

"பாத்தியா. என்ன செய்தாலும் பெரிசாத்தான் செய்வன்."

மதிலுக்குப் பின்னால், முரசுக்குக் கீழே, சுரண்டி இறங்கியது. காரை சுரண்டினால் கண்ணாடியில் நகம் கீறுகிற சத்தம் வரும். இப்போது வந்தது அந்தச் சத்தமில்லை. மெத்தென்று, சரசரவென்று, எதற்குள்ளோ கால் புதைகிற சத்தம். அவள் சுரண்டியை வெளியே எடுத்து நுனியைத் துணியில் துடைத்தாள்.

மணல்.

வெள்ளை மணல், ஈரமாக. மூக்கருகே கொண்டுபோனாள். வாய் நாற்றத்துக்குள்ளே உப்பும் கருகிய எதுவோவும் மணந்தது. இன்னொருமுறை இறக்கினாள். இன்னும் வந்தது, ஒரு தேக்கரண்டி அளவுக்கு, நடுவே பொடிச் சிப்பியோடு.

"என்ன அது?" என்று இங்கர் தூரத்திலிருந்து கேட்டாள்.

இந்த இடத்தில் ஒரு டேனிஷ் மாணவி என்றால் நோயாளியிடமே நேரே கேட்டிருப்பாள்: உங்கள் முரசுக்குள் ஏன் மண் இருக்கிறது? இங்கரைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பாள். பதிவேட்டில் எழுதியிருப்பாள். மரினா குருசுமுத்துவின் மகள். ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரை வெள்ளைக்காரிக்கு முன்னால் கூச வைப்பது, சோதனையில் கோட்டை விடுவதைவிடப் பெரிய பிழை என்று படித்து வளர்ந்தவள். மணலைத் துணியோடு சுருட்டிக் குப்பைக்குள் போட்டாள்.

"காரைதான்," என்றாள். பதிவேட்டிலும் அப்படியே எழுதினாள்.

*

அடுத்த ஞாயிறு பின்னேரம் ஹொல்ஸ்டெப்ரோ நகரச் சதுக்கத்தில் கூட்டம். வெயில் இருந்தது, சூடு இல்லை. பிள்ளைகளும் முதியவர்களுமாக நூறு பேர் படங்களைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சிலர் சத்தமில்லாமல் அழுதார்கள். ஒவ்வொருவருக்கும் அந்த மணல் துண்டுக்குள் யாரோ இருந்தார்கள். பழக்கடை வாசலில் டேனிஷ்காரர் இரண்டு பேர் சைக்கிளைப் பிடித்தபடி மரியாதைக்கு நின்று கேட்டார்கள்.

கிறிஸ்துநாயகம் ஒலிவாங்கியை இரண்டு விரலால் தட்டினார்.

"ஒரு பிடி மண்ணும் விடமாட்டம்! எங்கடை சனம் அசையாது! மலை அசைஞ்சாலும் என்ரை சனம் அசையாது!"

கைதட்டல் எழுந்தபோது அவருடைய கோட்டுப் பையில் கைத்தொலைபேசி அடித்தது. எடுத்துப் பார்த்தார். முன்வரிசையில் நின்ற மரினாவுக்குத் திரை தெரிந்தது. மிக நீளமான ஓர் இலக்கம். எந்த நாட்டு இலக்கமும் அப்படித் தொடங்காது.

அவர் பெருவிரலால் அதை வெட்டிவிட்டு, பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். கீழுதட்டில் இரத்தம் ஒரு கோடாக வடிந்தது. நாக்கால் நக்கிக்கொண்டார்.

திரும்பும்போது வண்டியை மரினா ஓட்டினாள். பக்கத்தில் அப்பா.

"அது ஆர் அப்பா எடுத்தது?"

குருசுமுத்து வெளியே பார்த்தபடி சொன்னார்: "செல்வமலர். நாயகம் அண்ணையின்ரை தங்கச்சி. உள்ளுக்கை நிக்கிறா, மனிசனும் மூண்டு பிள்ளையளுமா. கடைசிக்கு அஞ்சு வயசு. சற்லைட் போனுக்கு வரிசையிலை நிண்டு எடுக்கிறவை. ரெண்டு நிமிசம் குடுப்பினம்."

"ஏன் எடுக்கிறா?"

"களப்பைக் கடந்து அங்கால் ஆமிப் பக்கம் போகட்டோ எண்டு கேக்கிறா. தண்ணி கழுத்தளவுதானாம். கன சனம் கடக்குதாம். இவர் வேண்டாமெண்டிட்டார்."

"ஏன்?"

"கப்பல் வருமாம், பொறுக்கட்டாம்." அவர் குரல் இறங்கியது. "என்னட்டைச் சொன்னவர்: 'என்ரை தங்கச்சியே கடந்தால் மேடையிலை நான் எந்த முகத்தோடை நிக்கிறது குருசு?'"

"அதுக்கு நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"பெரிய மனிசர். நான் என்னத்தைச் சொல்லுறது." பிறகு, பேச்சை மாற்றுகிறவராக, "உன்ரை பட்டமளிப்புக்கு ஹோல் புக் பண்ணியாச்சு. நாயகம் அண்ணைதான் சிறப்புரை. அந்த மனிசன்ரை வாயை நல்லாத் துப்புரவாக்கி விடு," என்றார்.

*

இரண்டாம் முறை அவர் வந்தது ஏப்ரல் கடைசிச் செவ்வாய். வலப்பக்கம் சுத்தம் செய்கிற முறை. ஒழுங்கின்படி முதலில் போன தடவை சுத்தம் செய்த இடத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தாள்.

பள்ளங்கள் எல்லாம் மறுபடி நிரம்பியிருந்தன. விரலால் முரசை அழுத்தினால், கரையில் அலை திரும்பிய பின் நண்டு வளையிலிருந்து வருவதுபோல, மணல் குமிழ்விட்டுப் பொங்கியது.

"ஊசி போடு பிள்ளை. வெள்ளிக்கிழமை ஓடன்சேயிலை பேச்சிருக்கு."

போட்டாள். கீழ்த்தாடையும் நாக்கில் பாதியும் மரத்தன. உறிஞ்சுகுழாயை வாயோரத்தில் மாட்டினாள். அவர் கண்ணை மூடினார். சுரண்டி இறங்கி எதிலோ சிக்கியது. மெல்ல இழுத்தாள். கூடவே ஒரு மயிர் வந்தது.

நீளமான மயிர். பாதி நரைத்தது. கடைவாய்ப் பல்லின் அடியிலிருந்து, ஈரமாக, சேறு பூசியபடி வந்தது. ஒரு சாண் இழுத்தாள். ஒரு முழம் இழுத்தாள். முடியவில்லை. கையுறையில் சுற்றிச் சுற்றி இழுத்தாள். சுற்றில் சீழும் இரத்தமும் பொடிச் சிப்பியும் வழுக்கின. எங்கோ ஆழத்தில், மறு நுனியை யாரோ பிடித்திருப்பதுபோல அது இறுகியது.

பிறகு விட்டுக்கொடுத்தது.

முகமூடிக்குள்ளே வாந்தி எடுத்தால் என்ன ஆகும் என்று முதலாம் ஆண்டில் ஒருத்தி செய்து காட்டியிருந்தாள். மரினா விழுங்கினாள்.

அப்போதுதான் கேட்டது.

"அண்ணை."

கிறிஸ்துநாயகத்தின் வாய் அசையவில்லை. நாக்கு மரத்த இறைச்சியாகக் கிடந்தது. சத்தம் அதற்கும் பின்னாலிருந்து, தொண்டை இருட்டிலிருந்து வந்தது. பெண்குரல். சந்தடிக்கு நடுவே தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு கதைக்கிற குரல்.

"அண்ணை, கடக்கட்டோ?"

மரினா சுரண்டியை வெளியே இழுத்தாள்.

"சொல்லுங்கோ அண்ணை. கடக்கட்டோ?"

இங்கர் மூன்று நாற்காலிகளுக்கு அப்பாலிருந்து திரும்பிப் பார்த்தாள். "மரினா, அவரைப் பேச வேண்டாம் என்று சொல். மரத்திருக்கும்போது பேசினால் நாக்கைக் கடித்துக்கொள்வார்."

இங்கருக்கும் கேட்டிருக்கிறது.

நாற்காலியை நிமிர்த்தியதும் மரினா குனிந்து, "அங்கிள், நீங்கள் இப்ப ஏதும் கதைச்சனீங்களோ?" என்று கேட்டாள்.

"நான் எங்கை கதைச்சனான்? வாயே என்ரையில்லாத மாதிரிக் கிடக்கு," என்று அவர் குழறினார். கண்ணோரத்தில் நீர் நின்றது. அதைத் துடைத்துவிட்டுக் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார்.

மரினா பதிவேட்டை எடுத்தாள். உண்மையை எழுதலாம். எழுதினால் நோயாளியை மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். தேர்வுக்கு அவளுக்கு ஆள் இல்லை. இன்னொரு வாய் தேடி ஆற வைக்க ஆறு கிழமையும் இல்லை.

காரை, என்று எழுதினாள்.

*

மே பன்னிரண்டு. பள்ளியைச் சுற்றியிருந்த பீச் மரங்களில் புது இலை வந்து, சன்னல் முழுக்க இளம்பச்சை வெளிச்சம். கோட் இல்லாமல், கழுத்துப்பட்டி இல்லாமல், சவரம் செய்யாமல் கிறிஸ்துநாயகம் வந்தார். சப்பாத்து உறை மாட்ட மறந்து உள்ளே வந்துவிட்டார். வரவேற்பில் இருந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து சன்னலைத் திறந்தாள்.

"பிள்ளை, ராவிலை நித்திரை இல்லை. வாய்க்குள்ளை கரகரக்குது. சோறு திண்டாலும் மண், தேத்தண்ணி குடிச்சாலும் மண். மூண்டு பிரஷ் தேஞ்சு போச்சு."

"செல்வமலர் அன்ரி எடுத்தவவோ?"

அவர் அவளைப் பார்த்தார். "ஆர் சொன்னது?"

"எடுத்தவவோ அங்கிள்?"

"ஒம்பது நாளா எடுக்கேல்லை." சட்டென்று குரலை உயர்த்தினார், உயர்த்தியபோது கீழ்ப்பற்களின் இடுக்கிலிருந்து மணல் சொரிந்து நெஞ்சில் விழுந்தது. "எடுக்காட்டில் நல்லாயிருக்கினம் எண்டு அர்த்தம்! நீ உன்ரை வேலையைப் பார்! ஞாயிற்றுக்கிழமை பேச்சிருக்கு எனக்கு!"

அவள் தன் வேலையைப் பார்த்தாள்.

கண்ணாடியை வாய்க்குள் வைத்ததும் தெரிந்தது: முரசு முழுவதும் ஊதி வெடித்து, பள்ளங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே அகழியாகியிருந்தன. கரையெல்லாம் மணல். அளவுக் கம்பியை இறக்கினாள். பன்னிரண்டு மில்லிமீட்டர்தான் அதன் நீளம். முழுதும் இறங்கியது. பிடியும் கொஞ்சம் இறங்கியது. உள்ளேயிருந்து கதகதவென்ற காற்று, கருகல் மணத்தோடு, அவள் மணிக்கட்டில் பட்டது.

பரீட்சைக்கு இரண்டு கிழமை. இந்த வாய் ஆறாது.

"அண்ணை."

கிறிஸ்துநாயகம் கண்ணை இறுக மூடினார். அவருக்கும் கேட்கிறது. முதலிலிருந்தே கேட்டிருக்கிறது.

"அண்ணை, கடக்கட்டோ? சின்னவளைத் தோளிலை வைச்சிருக்கிறன்."

"பதில் சொல்லுங்கோ அங்கிள்," என்று மரினா கிசுகிசுத்தாள். "போங்கோ எண்டு சொல்லுங்கோ."

அவர் தலையை இடமும் வலமும் ஆட்டினார். மணல் நிறைந்த வாயால், ஒவ்வொரு சொல்லாக, சொன்னார்: "நூறு பேருக்கு முன்னாலை... சொன்னது. சொன்ன சொல்லை... மாத்தேலாது."

"அண்ணை, கேக்குதோ? கதையுங்கோவன் அண்ணை. ரெண்டு நிமிசம்தான்."

இங்கர் எழுந்து இந்தப் பக்கம் நடக்கத் தொடங்கினாள். அவளுடைய மரச்செருப்பு தரையில் டக் டக்கென்றது.

வந்து பார்த்தால் எல்லாம் முடிந்தது.

மரினா குனிந்தாள். முகமூடியைக் கீழே இறக்கினாள். அந்த நாற்றம் அவள் மூக்கிலும் நாக்கிலும் நேரே இறங்கியது. சொற்கொண்டலாரின் திறந்த வாய்க்கு ஒரு சாண் மேலே முகத்தை வைத்துக்கொண்டு, உள்ளிருந்த இருட்டுக்குச் சொன்னாள்.

"கடந்து போங்கோ அன்ரி. இப்பவே போங்கோ."

குரல் நின்றது.

பிறகு ஒரு காலடி, தண்ணீருக்குள்.

இன்னொன்று.

பிறகு பல கால்கள். இடுப்பளவு நீரை விலக்கிக்கொண்டு ஆட்கள் போகிற சத்தம் அவர் தொண்டைக்குள்ளிருந்து எழுந்தது. மூச்சிரைப்பு. ஒரு பிள்ளையின் இருமல். யாரோ யாரையோ பெயர் சொல்லி அதட்டுகிற சத்தம். அது தூரத் தூரப் போனது. கிறிஸ்துநாயகத்தின் கை நாற்காலிப் பிடியைப் பிய்த்துவிடுவதுபோல இறுகியிருந்தது.

எங்கோ மிகத் தூரத்தில் படபடவென்று ஏதோ வெடித்தது.

அதன்பின் ஒன்றுமில்லை.

வாய் நிறைந்தது. கதகதப்பான கலங்கல் நீர் அடியிலிருந்து பொங்கி, பல்லை மூடி, உதட்டால் வழிந்தது. உறிஞ்சுகுழாய் அதைக் குடித்துக்குடித்துத் திணறியது. இங்கர் வந்து நின்றபோது கடைசி நீரும் வடிந்து, குழாய் வெறும் காற்றை இழுத்து விசிலடித்தது.

"நன்றாகக் கழுவியிருக்கிறாய்," என்றாள் இங்கர்.

*

அடுத்த கிழமை சண்டை முடிந்தது என்று வானொலி சொன்னது. ஹொல்ஸ்டெப்ரோவில் கதவுகள் மூடியிருந்தன. ஆட்கள் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை மேசைகளில் இருந்தார்கள். முகாம்களில் இருப்பவர்களின் பட்டியல்கள் ஒவ்வொன்றாக வந்தன. மரினா எல்லாவற்றையும் வாசித்தாள். செல்வமலர் என்ற பெயரில் நான்கு பேர் இருந்தார்கள். நால்வருக்கும் வேறு ஊர், வேறு வயது.

களப்பின் நடுவில் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. போங்கோ என்று சொன்னவள் தான் என்பது மட்டும் தெரிந்தது.

மே இருபத்தாறு, பரீட்சை. வெளியூர்ப் பரீட்சகர் கிறிஸ்துநாயகத்தின் முரசைச் சுற்றிக் கம்பியை ஓட்டினார். இரண்டு. இரண்டு. ஒன்று. இரண்டு. ஒரு துளி இரத்தம் வரவில்லை. முரசு கைக்குழந்தையினுடையதுபோல இளஞ்சிவப்பாக, இறுக்கமாக இருந்தது. அந்த வாயில் நல்ல மணமோ கெட்ட நாற்றமோ எதுவுமே இல்லை. காலி செய்த வீடுபோல இருந்தது.

"என்ன செய்தாய்?" என்று பரீட்சகர் கேட்டார்.

"காரை எடுத்தேன்," என்றாள் மரினா.

பன்னிரண்டு புள்ளி கொடுத்தார்கள். அதற்கு மேல் டென்மார்க்கில் புள்ளி கிடையாது. இப்படி ஆறிய வாயை மாணவர்கள் பார்க்க வேண்டும் என்று இங்கர் அச்சுக் கலவையைக் குழைத்து, அவருடைய கீழ்த்தாடைக்கு அச்செடுத்து, வெண்சாந்து ஊற்றிக் காய வைத்தாள். ஒரு மணி நேரம் கழித்து இரண்டையும் பிரித்தபோது மரினா பக்கத்தில் நின்றாள்.

சொற்கொண்டலாரின் பல்வரிசை ஒரு பிசகில்லாமல் பதிந்திருந்தது. அதற்கு உட்புறமாக, நாக்கு இருக்கும் இடத்தில், இன்னொரு வரிசை. மிகச் சிறியது. பத்துப் பற்களும் இடைவெளி விட்டு, ஒழுங்காக, பால் அரிசிபோல.

"காற்றுக் குமிழ்," என்றாள் இங்கர். கொஞ்சம் உற்றுப் பார்த்தாள். மறுபடி, யாரையோ சமாதானப்படுத்துகிறவள்போல, "குமிழ்தான்," என்று சொல்லி, அடியில் மரினாவின் பெயரை எழுதிக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

பட்டமளிப்பு விருந்து திட்டமிட்டபடி நடந்தது. குருசுமுத்து, "என்ரை பல் டொக்டர்," என்று அழுதார். சிறப்புரையாளர் வந்திருந்தார். புதுக் கழுத்துப்பட்டி.

அடுத்த மே மாத நினைவுக் கூட்டத்தில் கிறிஸ்துநாயகம் ஒலிவாங்கியை இரண்டு விரலால் தட்டிவிட்டு, "என்ரை கூடப்பிறந்த தங்கச்சியையே இந்த மண்ணுக்குக் குடுத்தவன் நான்!" என்று முழங்கினார். கூட்டம் விம்மியது. மன்றம் அவருக்குச் சொற்கடல் என்ற பட்டத்தை வழங்கியது. அவருடைய பற்கள் பளிச்சென்றிருந்தன. முன்வரிசையில் ஒருவரும் பின்னால் சாயவில்லை.

மரினா எழுந்து வெளியே போய்ப் பூச்செடிக்குள் வாந்தி எடுத்தாள்.

*

2011ஆம் ஆண்டு ஒக்டோபரில், பிராண்டேயில் ஒரு பல் சிகிச்சை நிலையத்தில் வேலையாக இருந்த அவளைப் பள்ளி பழைய மாணவர் நாளுக்கு அழைத்தது. கோப்பி குடித்தார்கள், கேக் சாப்பிட்டார்கள். இங்கர் பெருமையோடு சாவியை எடுத்து அலமாரியைத் திறந்து, "உன்னுடையதை எல்லா வகுப்புக்கும் காட்டுகிறேன்," என்று அந்த வெண்சாந்துத் தாடையை அவள் கையில் வைத்துவிட்டு, அடுத்தவளோடு பேசப் போனாள்.

எந்தப் பல் எந்த வயதில் விழும், எது எப்போது முளைக்கும் என்பது முதலாம் ஆண்டுப் பாடம். மரினாவுக்கு அது மனப்பாடம்.

உள்வரிசையில் நடுவிலிருந்த இரண்டு பாற்பற்களைக் காணவில்லை. அந்த இடத்தில் பெரிய பற்கள் இரண்டு, புதுப்பல்லுக்கு இருக்கிற அரம்போன்ற விளிம்போடு, முக்கால்வாசி எழும்பியிருந்தன. இரு பக்கமும் கடைசியில், முன்பு ஒன்றுமில்லாத இடத்தில், கடைவாய்ப் பல்லின் நான்கு முனைகள் சாந்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தன.

ஏழு வயது. தோளில் இருந்த சின்னவளுக்கு அப்போது ஐந்து.

புதுப்பற்களின் அடியில், முரசு ஓரமாக, மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. மரினா அதை நகத்தால் சுரண்டினாள். சாந்துத் தூளில்லை. பல் விளக்காத பிள்ளைகளின் வாயில் தினமும் அவள் துடைத்து எடுக்கிற ஊத்தை. நகத்தில் மெத்தென்று, ஈரமாக, இளஞ்சூடாக இருந்தது.

ஒருநாள் பழசுகூட இல்லை.